புது ராக்கெட் வாங்குமுன் பழைய ராக்கெட்டைப் பாருங்கள்

இறகுப்பந்து (பேட்மின்டன்) ஆடப் புது ராக்கெட் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம், இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ராக்கெட்டை எடுத்து வாருங்கள் என்பதைத்தான் நான் முதலில் சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் பல ஆண்டுகளாகக் காலை ஆட்டத்துக்குப் போய்வருகிறேன். எங்கள் குழுவில் யாருக்குக் கட்டிங், அதாவது ராக்கெட் முகத்தின் நரம்புக் கட்டு, அறுந்தாலும், ராக்கெட்டுகளைச் சேர்த்து வாங்கி ஓசூருக்குக் கொண்டுபோய்க் கட்டி எடுத்து வருவதும் பெரும்பாலும் நான்தான். அதனால் நிறையப் பேருடைய ராக்கெட்டுகளை நிதானமாகக் கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. ஒருவர் தம்மை எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாரோ, அதற்கும் அவருடைய ராக்கெட் காட்டிக்கொடுக்கும் ஆட்டத்துக்கும் பல நேரங்களில் பொருத்தம் இருப்பதில்லை. ராக்கெட்டில் போடும் பணம் வீணாவது அங்கேதான்.

முதலில் கட்டிங்கைப் பார்ப்பேன். நரம்பு அறுந்த ராக்கெட் என்றால் இன்னும் நல்லது. முகத்தின் நடுவில் நெடுக்கு நரம்பும் குறுக்கு நரம்பும் ஒன்றையொன்று உரசி, நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்திலேயே அறுந்திருந்தால், அவர் காக்கை, அதாவது இறகுப்பந்தை, சரியான இடத்தில் வாங்கி அடிக்கிறார் என்று அர்த்தம். அவருக்குக் கொஞ்சம் விறைப்பான ஷாஃப்டும் (கைப்பிடியையும் தலையையும் இணைக்கும் தண்டு) கொஞ்சம் கூடுதல் டென்ஷனும் (நரம்பைக் கட்டும் இறுக்கம்) பயன்படும். அறுந்த இடம் தலையின் உச்சியை ஒட்டி, ஃப்ரேமிலிருந்து இரண்டு விரற்கடைக்குள் இருந்தால், அந்த நரம்பு தேய்ந்து அறவில்லை, வெட்டுப்பட்டு அறுந்திருக்கிறது. அவர் காக்குக்குப் பின்னால் போய் நிற்பதற்குள் எட்டி அடிக்கிறார், அல்லது கை நேரத்துக்கு வந்து சேரவில்லை. இப்படிப்பட்டவருக்கு விலை உயர்ந்த, விறைப்பான, இறுக்கமாகக் கட்டிய ராக்கெட் எந்த விதத்திலும் உதவாது. நடுவை விட்டு விலகிப் பட்டாலும் காக்கை ஓரளவு அனுப்பிவிடுகிற, சற்றுத் தளர்வாகக் கட்டிய ராக்கெட்தான் அவருக்கு வேண்டும்.

அடுத்தது கிரிப். கைப்பிடிக்கு மேல் சுற்றும் பட்டையான ஓவர்கிரிப்பில் கறுத்து, மழமழவென்று தேய்ந்திருக்கும் இடங்களைப் பார்த்தாலே அவர் கோர்ட்டில் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். தேய்மானம் மேலே, கோன் என்று சொல்லும் கூம்புப் பகுதியை ஒட்டி இருந்தால், கையை மேலே ஏற்றிப் பிடித்து நெட் பக்கத்திலும் டிரைவிலும் (நெட்டை ஒட்டித் தட்டையாக அடிப்பது) அதிகம் ஆடுபவர். கடைசி முனையில் உள்ளங்கை அழுந்திய தடம் ஆழமாக இருந்தால், பின்னாலிருந்து ஓங்கி அடிப்பவர். கைப்பிடியின் அகலமான பட்டையில் கட்டைவிரலின் தடம் தெளிவாகப் பதிந்திருந்தால், பேக்ஹேண்டில் (புறங்கைப் பக்கமாக) ஸ்மாஷை (மேலிருந்து ஓங்கி இறக்கும் அடியை) எடுத்துக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர். அந்தத் தடமே இல்லாமல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், பிடியை மாற்றாமல் ஒரே பிடியில் ஆடுகிறார் என்று பொருள். அவர் ராக்கெட் வாங்குவதைச் சில மாதம் தள்ளிப்போட்டு, யாரிடமாவது பிடியைக் கற்றுக்கொள்வது நல்லது. இதை நான் நேராகவே சொல்லிவிடுவேன். கேட்பவர்களுக்கு வருத்தம் இருந்தாலும், பிறகு வந்து நன்றி சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

ஃப்ரேமில் பெயின்ட் உதிர்ந்த இடங்களும் பேசும். உச்சியில் உதிர்ந்திருந்தால், தரையை ஒட்டி வரும் காக்கை வாரி எடுப்பவர். பக்கவாட்டில் சில்லுச் சில்லாக உதிர்ந்திருந்தால், பார்ட்னரின் ராக்கெட்டோடு மோதிய தடம் அது. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் நான் பார்த்த ராக்கெட்டுகளில் இந்தப் பக்கவாட்டுத் தடம் இல்லாதவை மிகக் குறைவு. காரணம் எளிது: நாம் எல்லோருமே டபுள்ஸ் ஆடுகிறோம். கோர்ட் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம், கட்டணத்தையும் காக் செலவையும் நான்கு பேராகப் பிரித்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகிறது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில் சிங்கிள்ஸ் ஆட யாருக்கும் முறை வருவதில்லை. அப்படியிருக்க, ராக்கெட் வாங்கும்போது மட்டும் பெரும்பாலானவர்கள் சிங்கிள்ஸ் சாம்பியன்களின் கையிலுள்ளதைத் தேடுகிறார்கள். மோதல் நிச்சயம் என்று தெரிந்த ஆட்டத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரே ராக்கெட் வாங்குவதைவிட, அதில் பாதி விலைக்கும் குறைவான ஒரே மாடலில் இரண்டு வாங்கி, இரண்டையும் ஒரே டென்ஷனில் கட்டி வைத்துக்கொள்வதே சரி என்பது என் தீர்மானமான கருத்து.

டபுள்ஸிலும் இரண்டு பேர் செய்யும் வேலை ஒன்றல்ல. யோனெக்ஸ் நிறுவனம் 2018-இல் ஆஸ்ட்ராக்ஸ் 88 எஸ், 88 டி என்று இரண்டு ராக்கெட்டுகளை ஜோடியாகவே வெளியிட்டது. முதலாவது முன்னால் நின்று நெட்டைக் காப்பவருக்கு, இரண்டாவது பின்னால் நின்று அடிப்பவருக்கு. அந்த மாடல்களைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் என் பார்ட்னரும் பதினைந்து நிமிடம் ஆடினால் யார் எங்கே அதிகம் நிற்கிறோம் என்ற கேள்வியை ராக்கெட் செய்பவர்களே கேட்டிருக்கும்போது, வாங்குகிற நாம் கேட்டுக்கொள்ளாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

இதற்கெல்லாம் பிறகுதான் ராக்கெட்டின் குணங்களைப் பற்றிப் பேச வேண்டும். அவற்றில் நான் முதலிடம் கொடுப்பது ஷாஃப்டின் விறைப்புக்கு. கடையில் எல்லோரும் எடையையும் பேலன்ஸையும் (கனம் தலைப்பக்கமா, கைப்பிடிப் பக்கமா என்பது) கேட்கிறார்கள். ஷாஃப்டைக் கேட்பவர்கள் குறைவு. ஓங்கி வீசும்போது ஷாஃப்ட் பின்னோக்கி வளைந்து, காக்கைத் தொடும் கணத்தில் நிமிர்ந்து வந்தால்தான் அந்த வளைவில் தேங்கிய விசை காக்குக்குப் போகும். வேகமாக வீசும் கையில் விறைப்பான ஷாஃப்ட் போதிய அளவு வளைந்து உடனே நிமிரும், திசையும் துல்லியமாக இருக்கும். மெதுவாக வீசும் கையில் அதே ஷாஃப்ட் வளைவதே இல்லை. அடித்த அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திரும்பி வருகிறது. வளையும் ஷாஃப்டை மிக வேகமான கையில் கொடுத்தால், தலை பின்தங்கி வந்து, நினைத்த கோட்டைவிட்டு காக் ஒரு சாண் வெளியே விழும். தன் கை எந்த வகை என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். பின்கோட்டின் மேல் நின்று, குதிக்காமல், பல்லைக் கடிக்காமல், எதிர்ப்பக்கப் பின்கோடு வரைக்கும் டாஸ் (காக்கை உயரமாகப் பின்னுக்கு அனுப்பும் அடி) அடித்துப் பாருங்கள். தொடர்ந்து போய் விழுந்தால் ஸ்டிஃப், அதாவது விறைப்பான, ஷாஃப்டை யோசிக்கலாம். கோர்ட்டின் முக்கால் பகுதியிலேயே காக் இறங்கிவிட்டால், மீடியம் அல்லது நன்றாக வளையும் ஃப்ளெக்ஸிபிள்தான்.

காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் ஓர் ஆசிரியர் எங்களோடு ஆடுகிறார். பள்ளிக் காலத்தில் பூப்பந்து (பால் பேட்மின்டன்) ஆடியவர். நல்ல தோள் பலம். யாரோ சொன்னதை நம்பி ஹெட் ஹெவியான (தலைப்பக்கம் கனமான), மிக விறைப்பான ராக்கெட் ஒன்றை வாங்கி வந்தார். சில வாரம் கழித்து, “தம்பி, ஸ்மாஷ் நல்லாத்தான் எறங்குது, ஆனா ஒரு டாஸ்கூட பின்னால போவ மாட்டேங்குது. கை வேற விண்ணு விண்ணுன்னு வலிக்குது” என்றார். “சார், பழைய பேட்டக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க” என்றேன். பழையதில் நரம்பு உச்சியை ஒட்டியே மறுபடி மறுபடி அறுந்திருந்தது. கட்டைவிரல் தடம் கிடையாது. பூப்பந்தில் பந்து கம்பளி நூலாலானது, இறகுப்பந்தைவிடப் பல மடங்கு கனமானது. அதை முன்னங்கை முழுவதையும் போட்டுத் தள்ளி அடிக்க வேண்டும். இறகுப்பந்தில் கையைத் தளர்வாக வைத்திருந்து, கடைசிக் கணத்தில் முன்னங்கையைச் சுழற்றி விரல்களை இறுக்குவதில்தான் வேகம் பிறக்கிறது. பூப்பந்திலிருந்து வருபவர்களிடம் பலம் நிறைய இருக்கும், அந்தக் கடைசிச் சுழற்சி மட்டும் வர நாளாகும். நம் மாவட்டங்களில் பள்ளிகளில் பூப்பந்து ஆடி வந்தவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அவருக்கு ஈவன் பேலன்ஸ் (இரு பக்கமும் சமமான கனம்), மீடியம் ஷாஃப்ட், 4யூ என்ற எடைப் பிரிவில் ஒரு நடுத்தர விலை ராக்கெட்டைப் பரிந்துரைத்து, 22 பவுண்டு டென்ஷனில் கட்டிக் கொடுக்கச் சொன்னேன். டாஸ் பின்கோட்டுக்குப் போகத் தொடங்கியது. பிடியை அவர் தனியாகப் பயின்றதும் முக்கியக் காரணம். வலி தொடர்ந்தால் ராக்கெட்டை மாற்றுவதோடு நிற்காமல் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட வேண்டும். முழங்கையின் வெளிப்பக்க வலியை இழுத்தடித்துப் பல மாதம் ஆட முடியாமல் போனவர்களை நான் அறிவேன்.

பேலன்ஸைப் பற்றி நிலவும் ஒரு நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். ஹெட் ஹெவி என்றால் ஸ்மாஷ், ஹெட் லைட் என்றால் தடுப்பாட்டம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 2023-இல் இந்திய டபுள்ஸ் ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். 2013-இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங் வைத்திருந்த 493 கிலோமீட்டர் சாதனையை அது முறியடித்தது. அப்போது சாத்விக் கையில் இருந்தது நானோஃபிளேர் 1000 இசட். யோனெக்ஸ் தன் பட்டியலில் ஹெட் லைட் வரிசையில் வைத்திருக்கும் ராக்கெட். தலைக்கனம் சாதாரணக் கைக்கு ஸ்மாஷில் சற்று உதவும் என்பது உண்மைதான். ஆனால் வேகத்தைத் தருவது வீச்சு; வீச்சு இல்லாத கைக்குத் தலைக்கனம் பாரமாகத்தான் முடியும். அடுத்தடுத்து மூன்று டிரைவ் வரும்போது, மூன்றாவதற்கு ராக்கெட்டைத் தூக்க நேரம் இல்லாமல் போவது டபுள்ஸில் அன்றாடம் நடக்கிறது.

பேலன்ஸை நீங்களே அளந்துகொள்ளலாம். ராக்கெட்டை ஒரு பென்சிலின் மேல் கிடத்தி, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் புள்ளியைக் கண்டு, கைப்பிடியின் அடியிலிருந்து அந்தப் புள்ளி வரை டேப் வைத்து அளக்க வேண்டும். 285 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் ஹெட் லைட், 295-க்கு மேல் என்றால் ஹெட் ஹெவி, நடுவில் இருப்பது ஈவன் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். நரம்பு கட்டுவதற்கு முன் அளந்ததா, பின் அளந்ததா என்பதைக் கவனிக்க வேண்டும். நரம்பின் எடை தலையில் சேருவதால் புள்ளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே நகரும், 5 கிராம் ஓவர்கிரிப் ஒன்றைச் சுற்றினால் கிட்டத்தட்ட அதே அளவு கீழே இறங்கும். தலை கனக்கிறது என்று புது ராக்கெட்டை விற்கத் துணிந்த ஒரு தம்பிக்கு, கைப்பிடியில் இன்னொரு ஓவர்கிரிப் சுற்றிக் கொடுத்ததில் பிரச்சினை தீர்ந்தது. சில நூறு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

எடைக்கான குறி கோனிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். 4யூ ஜி5 என்று இருந்தால், யோனெக்ஸ் கணக்கில் வெற்று ராக்கெட்டின் எடை 80 முதல் 84.9 கிராம், 3யூ என்றால் 85 முதல் 89.9, 5யூ என்றால் 75 முதல் 79.9. ஜி எண் கைப்பிடியின் தடிமன்; எண் கூடக்கூடக் கைப்பிடி மெலியும். மற்ற நிறுவனங்களில் கைப்பிடிக் குறியீடு மாறுவதால் கையில் பிடித்துப் பார்ப்பதே நல்லது. டபுள்ஸ் ஆடும் நடுத்தர வயதினருக்கு 4யூ போதும். கைப்பிடியைச் சற்று மெலிதாகவே வாங்கி, ஓவர்கிரிப் சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம். தடித்த கைப்பிடியைச் செதுக்க முடியாது. தர்மபுரி, அரூர் பக்கம் சித்திரை வெயிலில் கை வியர்ப்பவர்கள் ராக்கெட் நழுவாமல் இருக்க இறுக்கிப் பிடித்து, அதனாலேயே முன்னங்கை சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்கு டவல் கிரிப் மிகவும் பயன்படும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது பெற்றோர் பெருமைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றதைச் சொல்லிப் பிள்ளைகளை ஊக்கப்படுத்தும் பெற்றோரை எங்கள் கோர்ட்டில் பார்க்கிறேன். அது மகிழ்ச்சி தருகிறது. அந்த ஊக்கத்தில் பத்து வயதுப் பெண்ணின் கையில் 3யூ ஸ்டிஃப் ராக்கெட்டைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் கவலை. 5யூ, ஃப்ளெக்ஸிபிள், மெலிந்த கைப்பிடி, 20 பவுண்டு கட்டிங். இதற்கு மேல் எதுவும் அந்த வயதில் தேவையில்லை. இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு நீளம் குறைந்த ஜூனியர் ராக்கெட் கிடைக்கிறது.

கட்டிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரே ராக்கெட்டை 21 பவுண்டிலும் 27 பவுண்டிலும் கட்டி ஆடிப் பார்த்தவர்களுக்கு அவை வெவ்வேறு ராக்கெட்டாகவே தோன்றும். டென்ஷன் கூடினால் கட்டுப்பாடும் சத்தமும் கூடும். காக்கை உந்தித் தள்ளும் வேலை முழுவதும் கைக்கு வரும், சரியாகப் படவேண்டிய நடுப்பகுதியும் சுருங்கும். சர்வதேச ஆட்டக்காரர்கள் 28, 30 பவுண்டுக்கு மேல் கட்டுவதைப் பார்த்து நாமும் கட்டுவதில் பொருளில்லை. வாரத்தில் நான்கு நாள் ஆடுபவர்களுக்கு 22 முதல் 25 வரை தாராளம். நரம்பிலும் 0.70 மில்லிமீட்டர் பிஜி 65 நீண்ட நாள் உழைக்கும், 0.65 மில்லிமீட்டர் பிஜி 66 அல்டிமேக்ஸ் காக்கைச் சுண்டி அனுப்பும், சீக்கிரம் அறும். வார நாட்களில் நைலான் காக்கில் ஆடுகிற நமக்கு முதலாவதே கட்டுப்படியாகும். ஃப்ரேம் தாங்கும் உச்ச டென்ஷனையும் கோனிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைத் தாண்டிக் கட்டச் சொல்லக் கூடாது. நரம்பு அறுந்தவுடன் மற்ற நரம்புகளையும் நடுவிலிருந்து வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் இழுவை ஒரு பக்கமாக நின்று ஃப்ரேம் கோணிவிடும். வெயிலில் நிற்கும் காரில் ராக்கெட்டை வைத்துவிட்டு வேலைக்குப் போவதும் கூடாது, நரம்பு வேகமாகத் தளரும்.

ராக்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் காக்கையும் பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூரில் காற்று சற்று மெலிந்திருப்பதால், கிருஷ்ணகிரியில் சரியாக விழும் காக் அங்கே கொஞ்சம் கூடுதலாகப் போகும். பின்கோட்டின் மேல் நின்று, கீழ்க்கையாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னதாக விழுவதே சரியான வேகமுள்ள காக் என்று விதிமுறை சொல்கிறது. வெயில் காலத்தில் நைலானில் மெதுவாகப் போகும் பச்சைப் பட்டைதான் நமக்கு ஏற்றது. வேகமாகப் போகும் சிவப்புப் பட்டைக் காக்கில் ஆடிவிட்டு, இந்த ராக்கெட்டில் எல்லாம் அவுட் போகிறது என்று வருந்தியவர்களுக்கு ராக்கெட்டை மாற்றச் சொல்வது அநியாயம்.

வாங்குவதற்கு முன் கடன் கேட்டு ஆடிப் பாருங்கள். நம் ஊர்க் கோர்ட்டுகளில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. “அண்ணா, ஒரு கேம் உங்க பேட்ல ஆடிப் பாக்கட்டுங்களா” என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள், மோதாமல் ஆடித் திருப்பிக் கொடுப்பது நம் பொறுப்பு. ஒரு கேமில் ஸ்மாஷை மட்டும் சோதிக்காமல், களைத்துப்போன கடைசிக் கேமில் வாங்கி ஆடுங்கள். கை தளர்ந்த நேரத்திலும் பேக்ஹேண்ட் டாஸ் போகிறதா, உடம்பை நோக்கி வரும் ஸ்மாஷைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் உயர்தர மாடல்களில் போலிகள் நிறைய உலவுவதால், பில் கொடுக்கும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

வாங்கியதும் கட்டிய தேதி, நரம்பின் பெயர், டென்ஷன் மூன்றையும் ஒரு சிறு காகிதத்தில் எழுதி ராக்கெட் உறையில் போட்டு வையுங்கள். நரம்பு கட்டிய நாளிலிருந்தே தளரத் தொடங்கும் என்பதால், அறாவிட்டாலும் சத்தம் மந்தமானால் மாற்றிவிட வேண்டும். அடுத்த கட்டிங்குக்குக் கொடுக்கும்போது நரம்பை மாற்றாமல் டென்ஷனை மட்டும் ஒரு பவுண்டு கூட்டியோ குறைத்தோ கேளுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.